சைரன் சார் செத்துப்போகிற ஒத்திகை

சைரன் சார் மாதத்துக்கு ஒரு முறை செத்துப்போவார். அதற்கு ஞாயிற்றுக்கிழமைதான் தோது. காலைக் காபியைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, கட்டிலில் நேராகப் படுத்து, கைகளை வயிற்றின் மேல் கோத்துக்கொண்டு, "சரி, நான் செத்துட்டேன். ஆரம்பி" என்பார். அவர் மனைவி கையிலிருந்த கரண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓட வேண்டும்.

உர ஆலை ஒன்றில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கு ஊதி, ஆயிரம் பேரைப் படியிறக்கி, மைதானத்தில் நிறுத்தித் தலையை எண்ணிப் பழகிய மனிதர், வெளிநாட்டில் இரண்டு அறை வீட்டில் ஒரே ஒரு பெண்டாட்டியை வைத்துக்கொண்டு வேறு என்னதான் செய்வார்? அந்தக் குடியிருப்பில் முக்கால்வாசிப் பேர் இவர்களைப் போல ஓய்வுக்குப் பிறகு வந்து தங்கியவர்கள். வந்த முதல் மாதமே ஒவ்வொரு மாடியிலும் தீயணைப்பான் மாட்டச் சொல்லி அவர் போட்ட சண்டையில் சைரன் சார் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அவள் சைரன் வீட்டம்மா ஆனாள். நாளடைவில் சைரன் உதிர்ந்து வெறும் வீட்டம்மா.

ஒத்திகைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அந்த நாட்டில் வயதானவர்கள் தங்குவதற்கென்று ஒரு விசா உண்டு. வங்கியில் பெரிய தொகை ஒன்றைப் போட்டுத் தொடாமல் வைத்திருக்க வேண்டும். அதுவும் விசாக்காரரின் ஒற்றைப் பெயரில்தான். கூட்டுக் கணக்கு செல்லாது. மனைவிக்கு அவரைச் சார்ந்து ஒரு விசா. அவர் இருக்கும் வரை அவளும் இருக்கலாம். அவர் போய்விட்டால் அவள் விசாவும் கூடவே போய்விடும். அதே தொகையைத் தன் பெயரில் காட்டினால் அவள் புதிய விசா கேட்கலாம். ஆனால் சாவுச் செய்தி காதில் விழுந்த நிமிஷமே வங்கி கணக்கை முடக்கிவிடும். இவள்தான் வாரிசு என்று கோர்ட் சொல்ல ஒரு வருஷம் ஆகும். கோர்ட் சொல்லாமல் பணம் வராது, பணம் வராமல் விசா வராது, விசா இல்லாமல் கோர்ட்டுக்காகக் காத்திருக்க முடியாது. இந்த விதியை எழுதியவர் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும்.

ஆளுக்கொரு தொகை போட வசதியில்லை. ஊரில் இருந்த வீட்டை விற்றுத்தான் அந்த ஒரு தொகையே வந்தது. இருப்பது ஒரு போர்வை. தலையை மூடினால் கால் வெளியே தெரியும்.

மூன்றாம் மாடிப் பேராசிரியர் போன வருஷம் போய்ச் சேர்ந்தபோது இதெல்லாம் எல்லோருக்கும் கண் முன்னால் நடந்தது. செய்தியை முதலில் போட்டது தந்தி. தந்தி என்பது கீழ் வீட்டுக்காரர். தனி ஆள், எந்தச் செய்தியும் அவர் வாயில் ஆறுவதற்குள் வெளியே வந்துவிடும் என்பதால் அந்தப் பெயர். குடியிருப்பின் வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு விளக்குப் படத்தோடு 'ஆழ்ந்த இரங்கல்' என்று போட்டார். அந்தக் குழுவில் வங்கியின் விசா கவுன்ட்டரில் இருக்கும் தமிழ்ப் பெண்ணும் இருந்தாள். நமக்கெல்லாம் உதவியாக இருக்கும் என்று அவளைச் சேர்த்ததும் தந்திதான். உடலை எடுப்பதற்குள் கணக்கு முடங்கியது. பேராசிரியரின் மனைவி இரண்டு பெட்டியோடு கிளம்பிப் போனாள். அவள் வளர்த்த செடிகள் பால்கனியில் நின்றபடியே கருகின. தந்தியை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதன் பிறகு அவர் குழுவில் வானிலையைத் தவிர எதுவும் போடுவதில்லை.

அந்த வாரமே சைரன் சார் ஒத்திகையைத் தொடங்கினார்.

"அழறதெல்லாம் அப்புறம் அழுதுக்கலாம். முதல்ல பேங்க்" என்றார். ஒரு நீலப் பையில் எல்லாம் தயாராக இருக்கும். அவர் கையெழுத்துப் போட்டு, தேதி மட்டும் போடாமல் வைத்த பணமாற்று விண்ணப்பம், அவளுக்குக் கொடுத்த அதிகாரப் பத்திரம், இருவர் பாஸ்போர்ட். யாருக்கும் போன் செய்யக் கூடாது. அவருடைய போன் தலையணைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். "செத்தவன் போன் உன் பையில அடிச்சுதுன்னா மாட்டிக்குவே." கதவைப் பூட்டிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை போய்த் திரும்பி வர வேண்டும். வந்து அவர் தோளைத் தட்டி, "முடிஞ்சுது, எழுந்திரிங்க" என்று சொல்ல வேண்டும். அவர் கண்ணைத் திறந்து மார்க் போடுவார்.

முழு மார்க் ஒரு நாளும் வந்ததில்லை. "அடுப்பை அணைச்சியா?" என்பார். அவள் நாக்கைக் கடித்துக்கொள்வாள். "பத்து மார்க் போச்சு. புருஷன் செத்தா வீட்டையும் சேர்த்துக் கொளுத்திடுவே போல."

படியில் தந்தி நின்றிருப்பார். ஒத்திகை அவருக்கும் தெரியும். வேறு யார் வீட்டுச் சாவியும் அவரிடம் இருக்காது, இவர்கள் வீட்டுச் சாவி இருந்தது. தீப்பிடித்தால் திறக்க ஆள் வேண்டுமாம். "என்னக்கா, சார் செத்துட்டாரா?" என்பார். "ஆமா தம்பி, போயிட்டார். நான் திரும்பி வர்றதுக்குள்ள எழுந்துடுவார்" என்பாள். தம்பிக்கு வயது அறுபது தாண்டிவிட்டது. இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

அவளுக்கு இந்த ஒத்திகை எரிச்சல்தான். ஆனால் அவர் போன பிறகு எங்கே போவது என்று யோசித்தால் ஒத்திகையை விட மனசு வராது. பிள்ளைகள் இல்லை. ஊரில் இருப்பது அண்ணன் வீட்டுக் கூடத்தில் ஒரு கட்டில், அண்ணி காட்டும் முகம். இங்கே அவள் பெயரில் நூலக அட்டை இருந்தது. நகராட்சிக் குளத்தில் காலையில் பெண்கள் நேரத்தில் நீந்தக் கற்றுக்கொண்டிருந்தாள், அறுபது வயதுக்கு மேல். முதல் முறை தண்ணீர் தன்னைத் தாங்கிய அன்று, வாழ்நாளில் யார் தயவும் இல்லாமல் மிதந்தது அன்றைக்குத்தான் என்று அவளுக்குத் தோன்றியது. அதை விட்டுவிட்டுக் கூடத்துக் கட்டிலுக்குப் போவதற்கு அவள் தயாராக இல்லை.

அன்றைக்குப் புதன்கிழமை. பாலை அடுப்பில் வைத்துவிட்டு அறைக்கு வந்தாள். அவர் நேராகப் படுத்திருந்தார்.

"என்ன, புதன்கிழமையிலேயே ஆரம்பிச்சிட்டீங்க? காபி குடிச்சிட்டுச் சாகக் கூடாதா?"

பதில் இல்லை. ஒத்திகையில் அவர் பேச மாட்டார், அது விதி. ஆனால் கைகள் வயிற்றின் மேல் இல்லை. ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. அதை எடுத்து உள்ளே வைக்கப் போனவள் அந்தக் குளிர்ச்சியில் நின்றுவிட்டாள். மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். நெஞ்சில் காதை வைத்தாள். பிறகு மறுபடியும் மூக்கருகே விரலை வைத்தாள், முதலில் சரியாகப் பார்க்கவில்லை என்பது போல.

அழ வாயைத் திறந்தாள். அப்போது அவர் குரல்தான் மண்டைக்குள் கேட்டது. அழறதெல்லாம் அப்புறம். முதல்ல பேங்க்.

பையை எடுத்தாள். போனைத் தலையணைப் பக்கம் வைத்தாள். போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிட்டாள், அது ஒத்திகையில் இல்லாத வேலை. கதவைப் பூட்டினாள்.

சட்டம் தெரிந்தவர்கள் இதைக் கேட்டு முகம் சுளிக்கலாம். அதிகாரப் பத்திரம் கொடுத்தவர் மூச்சோடு அந்தப் பத்திரமும் முடிந்தது என்பார்கள். வாஸ்தவம். அவள் பாதி ஆயுள் பெருக்கித் துடைத்த வீட்டை விற்ற பணம் அது. அதுவும் வாஸ்தவம்தான்.

படியில் தந்தி, கையில் குடையோடு.

"என்னக்கா, இன்னைக்கு நடு வாரத்துல? சார் செத்துட்டாரா?"

கைப்பிடியை அவள் இறுகப் பற்றினாள். வேறு பதில் யோசிக்க நேரமில்லை, இருக்கிற பதில்தான் வந்தது.

"ஆமா தம்பி. போயிட்டார்."

தந்தி சிரித்தார். "அடுப்பை அணைச்சீங்களான்னு பாத்துக்கோங்க" என்று பின்னாலிருந்து கத்தினார். அவள் காதில் அது வெறும் சத்தமாகத்தான் விழுந்தது.

வங்கி அப்போதுதான் திறந்திருந்தது. விண்ணப்பத்தில் அன்றைய தேதியைப் போட்டுக்கொண்டாள். விசா கவுன்ட்டர் கடைசியில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால். அந்தப் பெண் கெட்டிக்காரி, முகம் பார்த்துப் பேசுகிறவள். அதுதான் பயம்.

"வாங்கம்மா. சார் வரலையா?"

"படுத்திருக்கார்."

"உடம்புக்கு என்ன?"

"அசதி."

பொய் சொல்லவே இல்லை என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். படுத்துத்தான் இருக்கிறார்.

பெண் விண்ணப்பத்தைப் பார்த்தாள். "மொத்தத்தையும் உங்க பேருக்கு மாத்தச் சொல்லியிருக்கார். அப்போ அவர் விசா போயிடுமே, தெரியுமில்ல?"

"இனிமே என் பேர்ல எடுத்துக்கலாம்னு. அவர் என்னைச் சார்ந்து இருப்பார். மாத்தி மாத்திப் பாக்கலாம்னு சொன்னார்." இந்தப் பதிலை அவர்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். ஒத்திகையில் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வரும்.

பெண் தலையாட்டிவிட்டுக் கம்ப்யூட்டரில் தட்டினாள். ஒப்பிட்டாள். கையெழுத்து சரி, பத்திரம் சரி. வீட்டம்மா மூச்சை விட்டாள்.

"இப்ப புதுசா ஒண்ணு கொண்டுவந்திருக்காங்கம்மா. பெரிய தொகைன்னா கணக்குக்காரர்கிட்ட போன்ல ஒரு வார்த்தை கேட்டுக்கணும். பதிவாகும். அஞ்சு நிமிஷ வேலை, சார்தான் வீட்ல இருக்காரே."

வீட்டம்மா நீலப் பைக்குள் பார்த்தாள். இதற்கு ஒத்திகை பார்க்கவில்லை. எல்லாவற்றையும் யோசித்த மனிதர் இதை யோசிக்கவில்லை. அவர் திட்டம் போட்டபோது இது இல்லை.

"தூங்கறார்னு நினைக்கிறேன். நாளைக்கு..."

"எழுப்பிடலாம். ஒரு நிமிஷம்தானே."

பெண் எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியைப் போட்டாள். மணி போகும் சத்தம் கண்ணாடியைத் தாண்டி வந்தது. அந்த மணி எங்கே அடிக்கிறது, யார் காதருகே அடிக்கிறது என்பது அவளுக்கு மட்டும் தெரியும். போர்வை, தலையணை, போன். அடித்து அடித்து நின்றது.

"எடுக்கலையே" என்றாள் பெண்.

எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது. ஓடினால் சந்தேகம் வரும். நாளை என்றால் நாளை வரை அவரை எப்படி வைத்திருப்பது? அந்த நினைப்பே அருவருப்பாக இருந்தது. அப்போதுதான், எங்கிருந்தோ, பால் ஞாபகம் வந்தது. அடுப்பை அணைக்கவில்லை. பாலை வைத்தது வைத்தபடி வந்திருக்கிறாள். வீட்டுக்குள் அவர் தனியாக, எரிகிற அடுப்போடு. வாய்விட்டே முனகிவிட்டாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. நான் வீட்டுக்குப் போகணும்."

"இன்னொரு தடவை பாத்துடறேன்."

மறுபடியும் மணி. அவள் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். மணி நின்றது. யாரோ எடுத்துவிட்டார்கள்.

மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. வேறெதுவும் இல்லை. வீட்டம்மா மறுபடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவர் எழுந்துவிட்டார் என்று நம்பினாள். அந்த ஒரு கணத்துக்காகப் பிறகு பல நாள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

"சார், பேங்க்ல இருந்து பேசறேன். இந்தப் பேச்சு பதிவாகுது. கணக்குக்காரர்தானே பேசறீங்க?"

இருமல். ஒல்லியான, உடைந்த இருமல். சைரன் சார் இருமினால் பக்கத்துக் கட்டடத்தில் கேட்கும். இது தந்தி.

குழுவில் வானிலைக்கு மேல் போட மாட்டார் என்றாலும் தந்தி தந்திதான். இப்போது அவர் வாயில் இருப்பது இந்த வருஷத்துப் பெரிய செய்தி. "ஐயோ, சார் போயிட்டாரும்மா" என்று அலறப் போகிறார். பேராசிரியர் மனைவியின் இரண்டு பெட்டிகள் அவள் கண்ணுக்குத் தெரிந்தன. சக்கரம் ஒன்று உடைந்திருந்தது கூட.

"சார்?"

"ஆமா" என்றது குரல். "நான்தான்."

"உங்க பிறந்த தேதி சொல்லுங்க."

தந்திக்கு அது எப்படித் தெரியும்? அவள் மனசு அந்த அறைக்குள் ஓடியது. கட்டிலுக்கு மேலே சுவரில் அவர் ஒட்டிவைத்த அட்டை. ஆம்புலன்ஸ்காரர்களுக்காகப் பெரிய எழுத்தில் பெயர், பிறந்த தேதி, ரத்த வகை, மாத்திரைகள். படுக்கையறையில் இப்படி ஒன்றை ஒட்டலாமா, ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு என்று அவள் எத்தனை சண்டை போட்டிருக்கிறாள். பார் தம்பி, தலையைத் தூக்கிப் பார் என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

குரல் தேதியைச் சொன்னது. மெதுவாக, எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி.

"கணக்கில் இருக்கிற தொகை முழுசையும் உங்க மனைவி பேருக்கு மாத்த உங்களுக்குச் சம்மதமா?"

"அவங்களோடதுதாம்மா அது" என்றது குரல். பிறகு, கேட்காமலே, "அவங்க இங்கேயே இருக்கட்டும்" என்றது. அந்த இடத்தில் குரல் கம்மிவிட்டது.

பெண் போனை வைத்தாள். வீட்டம்மாவைப் பார்த்தாள். பார்வை கொஞ்சம் அதிக நேரம் நின்றது.

"சார் குரல் ஒரு மாதிரி இருக்கே."

"உடம்பு சரியில்ல."

"மேலதிகாரி ஒப்புதல் வரணும். இருங்க."

கம்ப்யூட்டரில் ஒரு வட்டம் சுற்றியது. மேசை மேல் இருந்த பெண்ணின் கைபேசி வெளிச்சம் போட்டது. தலைகீழாகத் தெரிந்தாலும் குழுவின் பெயர் அவளுக்குத் தெரியும். கீழே அனுப்பியவர் பெயர், தந்தியுடையது. பேச்சில் அடக்கியதை விரல் அடக்கவில்லை போலிருக்கிறது. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பெண் கைபேசியை எடுத்தாள், படித்தாள், கீழே வைத்தாள்.

"மதியத்துக்கு மேல மழை வருமாம். துணி காயப்போட வேண்டாம்னு போட்டிருக்கார் உங்க கீழ்வீட்டுக்காரர்."

வீட்டம்மா தலையை ஆட்டினாள். வட்டம் நின்றது. பெண் ஒரு தாளை அச்செடுத்து, முத்திரை குத்தி, கண்ணாடிக்கு அடியில் தள்ளினாள். தாளோடு ஒரு கணம் அவள் விரலையும் பிடித்தாள்.

"நேரா வீட்டுக்குப் போங்கம்மா" என்றாள், மிகவும் தாழ்ந்த குரலில். "வழியில எங்கயும் நிக்காதீங்க."

தெரிந்து சொன்னாளா, தெரியாமல் சொன்னாளா என்று வீட்டம்மா கேட்கவும் இல்லை, கேட்கிற நிலையிலும் இல்லை.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. தீய்ந்த பால் வாசனை படி வரை வந்தது. ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டிருந்தார் தந்தி. கருகிய பாத்திரம் தொட்டியில் ஊறிக்கொண்டிருந்தது. தந்தி கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"புகை வாசனை வந்துதுக்கா. தட்டினேன், திறக்கல. சாவியைப் போட்டுத் திறந்து அடுப்பை அணைச்சேன். சாரைக் கூப்பிடலாம்னு உள்ள வந்தா..." என்றார். பிறகு, "படியில நீங்க சொன்னீங்க. நான் சிரிச்சேன்" என்றார்.

"யார்கிட்டயாவது..."

"சொல்லல." அதைச் சொல்ல அவர் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது. "டாக்டருக்குக் கூட இன்னும் சொல்லல. நீங்க வந்து சொல்லட்டும்னு இருந்தேன். பேங்க்ல என்னாச்சு?"

அவள் தாளைக் காட்டினாள். தந்தி அதைப் படிக்கவில்லை. மேலே, பேராசிரியர் வீடு இருந்த மூன்றாம் மாடிப் பக்கம், ஒரு முறை அண்ணாந்து பார்த்துவிட்டு எழுந்து சுவரோரம் நின்றுகொண்டார்.

டாக்டரை அழைக்க வேண்டும். எப்போது பார்த்தீர்கள் என்று கேட்பார்கள், அதற்கு ஒரு பதில் வேண்டும். அண்ணனுக்குச் சொல்ல வேண்டும். அதெல்லாம் இருக்கிறது. ஆனால் வரிசைப்படி இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அவள் நீலப் பையை ஆணியில் மாட்டினாள். கட்டிலருகே போய்க் குனிந்து, எப்போதும் தட்டுகிற அதே தோளைத் தட்டினாள்.

"முடிஞ்சுது, எழுந்திரிங்க."

காத்திருந்தாள். மழைக்கு முந்தைய காற்று ஜன்னல் திரையைத் தூக்கிவிட்டு இறக்கியது.

"அடுப்பை இன்னைக்கும் மறந்துட்டேன்" என்றாள். "பத்து மார்க் குறைச்சுக்கோங்க."

அப்புறம்தான் அழுதாள்.